பதினெட்டு பல்பும் ஒரு பாட்டுப்பெட்டியும்

சிவப்பு வயரின் தோலைப் பல்லால் உரித்துத் துப்பிவிட்டு, செம்பு இழைகளை விரல்நுனியில் முறுக்கி, ரேடியோவும் சேர்ந்த ஆம்ப்ளிஃபயர் போர்டில் கூட்டல் குறி போட்டிருந்த துளைக்குள் செருகித் திருகை முடுக்கினார் கோயில்பிச்சை. கறுப்பு வயருக்கு வந்தபோது அது ஒரு முழம் குறைந்தது. டவுனுக்குப் போய் வாங்கிவரப் பதினோரு மைல், அதுவரை பொறுக்க அவருக்கு மனமில்லை. ஆகவே ஷெட்டை ஒட்டிய பாத்தியில், முற்றிக்கொண்டிருந்த உப்புத் தண்ணீருக்குள், ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு இரும்புக் கம்பிகளை நட்டு, ஒன்றில் போர்டின் கறுப்பு வயரையும் மற்றதில் பேட்டரியின் கறுப்பு முனையையும் கட்டினார். பாத்தித் தண்ணீர் கரண்டை ஒரு கம்பியிலிருந்து மறு கம்பிக்குத் தூக்கிக்கொண்டு போகும் என்பது உப்பளத்தில் கிடக்கும் எவருக்கும் தெரியும், உப்பளத்தில் கிடக்காத எவரும் அதைச் செய்யமாட்டார்கள்.

வட்டம் வெட்டிய பிளைவுட் பெட்டிக்குள் உடைந்துபோன மினிபஸ்ஸிலிருந்து கழற்றிய இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன. பேட்டரி டிராக்டர்காரன் தூக்கியெறிந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தால் முள் நாலு வோல்ட்டில் படுத்துக் கிடந்தது.

"வே, இது செத்த பேட்டரி. இதுக்குப் பால் ஊத்திக் கருமாதியும் முடிச்சாச்சு," என்றார் கங்காணி ஆசீர்வாதம். டிராக்டர்காரன் சிரித்தான். இரண்டு பேரும் வண்டியில் ஏறி வரப்பு வழியே போனார்கள். வண்டி வாய்க்கால் பாலத்தைத் தாண்டி மறைந்ததும் பெட்டி பாட ஆரம்பித்தது. கோயில்பிச்சை மீட்டரைப் பார்த்தார். முள் பதின்மூன்றில் நின்றது. நல்லது என்று நினைத்துக்கொண்டு அவர் அரிசி களையப் போனார்.

இருபத்திரண்டு வருஷம் அந்த ஷெட்டில் டீசல் இஞ்சின் ஓட்டியவர் அவர். பூமிக்கடியிலிருந்து உப்புத் தண்ணீரை இழுத்து வாய்க்காலில் விடுகிற இஞ்சின் அது, காலையில் கைப்பிடியைச் சுற்றி விட்டால் பொழுது சாயும்வரை அடித்துக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தத்துக்குள்ளேயே அவர் சமைத்தார், அந்தச் சத்தத்துக்குள்ளேயே துவைத்தார், சவரம் செய்தார், காய்ச்சலில் படுத்தார், தான் தனி ஆள் என்பதைக் கவனிக்க அது அவரை விட்டதேயில்லை. போன தை மாதம் முதலாளி இரண்டு மைல் தள்ளி வேறு கிணறு தோண்டிக் கரண்ட் மோட்டார் வைத்தார். இஞ்சினை டிராக்டரில் ஏற்றினார்கள். மடை திறந்து அடைக்கவும் உப்புக் குவியலைக் காவல் பார்க்கவும் கோயில்பிச்சையை விட்டுவிட்டுப் போனார்கள். இஞ்சின் போன மறுநாள் அவர் தன் காது இரைவதைக் கேட்டார். ஒரு வாரம் கழித்துத் தான் எச்சில் விழுங்குவதைக் கேட்டார். அதற்கப்புறம்தான் ஸ்பீக்கர் தேடிப் போனார்.

விடிந்ததும் உப்பு வார வந்த பெண்கள் பாட்டைக் கேட்டு, உப்பிழுக்கும் பலகையைப் போட்டுவிட்டு ஷெட்டுக்கு ஓடி வந்தார்கள். வந்ததும் பாட்டு நின்றது. போனதும் பாடியது.

"பொம்பளையாளக் கண்டா வாய மூடிக்கிடுதே," என்றாள் ராசக்கிளி. "செஞ்சவரு மாதிரிதான் இருக்கு."

ஒரு வாரம் எல்லோரும் அதற்குக் கூச்சம் என்றே நம்பினார்கள். கங்காணிதான் பொறுமையாகச் சோதித்தார். கோயில்பிச்சையை எழுப்பி அப்பால் கூட்டிக்கொண்டு போனால் பெட்டி ஊமையாகிவிட்டது. அவரைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து மற்றவர்கள் பின்னால் நகர நகர, முள் ஒவ்வொரு கோடாக ஏறி, நாற்பதாவது தப்படியில் பதின்மூன்றைத் தொட்டது. நாற்பதுக்கு உள்ளே ஒரு ஆள் கால் வைத்தால் இறங்கியது. இஞ்சின் டீசலில் ஓடும், மோட்டார் கரண்டில் ஓடும், இது கோயில்பிச்சை தனியாக இருந்தால் ஓடும். அதைச் சொல்லிவிட்டுக் கங்காணி வெற்றிலை போட்டுக்கொண்டார், கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள். தெற்கு அளத்தில் ஒருவன் தானும் இரண்டு கம்பி நட்டு, செத்த பேட்டரி ஒன்றின் பக்கத்தில் இரண்டு நாள் வெயிலில் தனியாக உட்கார்ந்து பார்த்தான். தோல் உரிந்ததுதான் மிச்சம். அவனுக்கு வீட்டில் ஆள் இருக்கிறது, அதனால்தான் என்றார்கள்.

அளத்தில் வேலை செய்கிறவர்கள் குடியிருந்த இடத்துக்கு அளக்குடி என்று பேர். புறம்போக்கில் பதினெட்டு வீடுகள். முதலாளியின் புது மோட்டாருக்குப் போகிற கரண்ட் கம்பி அந்தப் பதினெட்டு வீட்டுக்கும் மேலாகத்தான் போயிற்று, கீழே இறங்கவில்லை. பத்தொன்பது வருஷமாக மனு எழுதிக்கொண்டிருந்த ஊர் அது. ஆகவே பாட்டோடு நிறுத்திக்கொள்ளவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? சவுக்குக் கம்புகள் நட்டு, பாத்திக் கம்பியிலிருந்தும் பேட்டரியின் சிவப்பு முனையிலிருந்தும் வயர் இழுத்து, லாரிக்குப் போடுகிற பன்னிரண்டு வோல்ட் பல்பு வீட்டுக்கு ஒன்றாக மாட்டினார்கள். முதல் நாள் சாயங்காலம் கோயில்பிச்சை ஷெட் வாசலில் நின்று தூரத்தில் பதினெட்டும் எரிவதைப் பார்த்தார். அங்கேயிருந்து குலவைச் சத்தம் வந்தது. அவர் கையைத் தூக்கி ஆட்டினார். அது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

பிறகு ஊர் கூடி, அவரைத் தனியாக வைத்திருப்பதற்கு வேண்டியதையெல்லாம் மரியாதையோடு செய்தது. ஷெட்டைச் சுற்றி நாற்பது தப்படியில் உப்பால் கோடு போட்டார்கள். கோட்டைத் தாண்டக்கூடாது, தாண்டினால் அன்றைக்கு அந்த வீட்டுக்கு வயர் கிடையாது. கிழமைக்கு ஒரு வீடு என்று ஏழு வீட்டார் முறை வைத்து அவருக்குச் சோறு கொண்டுவந்து கோட்டோரக் கல்லில் வைத்துவிட்டுப் போனார்கள், பழைய குழம்பு வைக்கக்கூடாது என்று ராசக்கிளி தனியாக ஒரு சட்டம் போட்டாள். வழிதப்பி வந்த செவலை நாய் ஒன்று அவரோடு ஒட்டிக்கொண்டபோது பதினெட்டு பல்பும் மஞ்சளாகிவிட்டன. நாய் கணக்கில் சேருமா சேராதா என்று ஒரு மணி நேரம் பேசி, சேரும் என்று முடிவாகி, இரண்டு பேர் ரொட்டியைக் காட்டிக் காட்டி அதை அழைத்துக்கொண்டு போனார்கள். அது மூன்று தடவை திரும்பிப் பார்த்தது. மாதம் ஒருமுறை சைக்கிளில் வரும் போதகர் அவருக்கு ஜெபம் செய்யக் கோட்டுக்குள் போனார், பல்பு மங்கியது, தான் ஒரு துணை என்று சாட்சியோடு தெரிந்ததில் போதகருக்கு மகிழ்ச்சி. ஆனால் ஷெட்டுச் சுவரில் இருந்த சிலுவைப் படத்தைக் கோயில்பிச்சை எடுத்துப் பார்த்தபோதும் திரும்ப மாட்டிப் பார்த்தபோதும் முள் அசையவில்லை. அதைப் போதகரிடம் யாரும் சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். பத்தொன்பது வருஷத்து மனுக்களைக் கையில் வைத்துக்கொண்டு பல்புகளை எண்ணினார்.

"உங்களுக்குத்தான் வெளிச்சம் இருக்கே. அப்புறம் எதுக்கு மனு?"

"அது ஒரு மனுசன் தனியா இருக்கதுல எரியுது சார்," என்றார் கங்காணி.

அதிகாரி அதை எழுதிக்கொள்ள எந்தக் கட்டம் என்று தாளைப் புரட்டிப் பார்த்தார். கிடைக்கவில்லை. தேவை பூர்த்தியானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அளக்குடிக்குக் கோயில்பிச்சையை விட்டால் வேறு கரண்ட் இல்லை என்றாயிற்று. உப்புக் கோட்டை மழை கரைக்கக் கரைக்க இரட்டையாகப் போட்டார்கள்.

மழை ஓய்ந்து மறுபடியும் உப்பு வாரத் தொடங்கியபோது சேர்மக்கனிக்குச் சோற்று முறை புதன்கிழமைகளில் வந்தது. நாற்பத்தோரு வயது, புருஷன் கப்பல் வேலைக்குப் போய் வேறு கரையில் வேறு குடும்பமாகிவிட்டவன், அளத்திலேயே நீளமான கை அவளுக்கு, ஒரு இழுப்பில் அரைப் பாத்தி உப்பு கரைக்கு வந்துவிடும். உப்பளத்துப் பெண்கள் தணிந்து பேசி யாரும் கேட்டதில்லை. ஆளுக்கு ஒரு பாத்தி, பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே வரப்பு, அதற்கு மேல் காற்று. மாமியார் சங்கதியானாலும் மாதாந்திர வலியானாலும் எட்டுப் பாத்தி தாண்டிக் கூவித்தான் சொல்லியாகவேண்டும். எனவே நாற்பது தப்படி சேர்மக்கனிக்கு ஒரு தூரமாகவே தெரியவில்லை. தூக்குச்சட்டியைக் கல்லில் வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கூவினாள்.

"ஏ இஞ்சின்காரரே! சாப்பிட்டியளா?"

"நீ இப்பத்தான வச்ச! எப்படிச் சாப்பிட?"

"இஞ்சின்தான் போயிட்டு, காரரு மட்டும் இன்னும் இருக்காரோன்னு பாத்தேன்!"

"இருக்கேன், இருக்கேன்!"

"நெத்திலி வச்சிருக்கேன். முள்ளப் பாத்துத் தின்னுங்க. தொண்டையில மாட்டுனா எடுக்கதுக்குக்கூட ஒருத்தரும் வரமாட்டோம்!"

கோயில்பிச்சை சிரித்தார். அளக்குடியில் பதினெட்டு பல்பும் ஒருமுறை சிமிட்டின.

அடுத்த புதன் அவள் தன் கப்பல்காரனைப் பற்றிச் சொன்னாள். அதற்கடுத்த புதன் அவர், இஞ்சினுக்கு நேரே வாயை வைத்து இருபத்திரண்டு வருஷம் தான் பேசியவற்றில் சிலவற்றைச் சொன்னார். அவற்றை ஒரு ஆளுக்கு நேரே சொல்ல முடியும் என்பது அவருக்கே புதிது. புதன்கிழமைகளுக்காக அவர் சவரம் செய்தார். புதன்கிழமைகளில் ஊரில் பல்பு மங்கி, இழை மட்டும் சிவந்து தொங்கியது. வீட்டுக்கு வீடு கணக்குப் போட்டுப் பார்த்து ஒன்றும் சொல்லாமல், சேர்மக்கனியின் முறையை ஐசக்கிடம் கொடுத்துவிட்டார்கள். ஐசக்கு பேசாத ஆள், தன் கல்யாணத்தில் கேட்ட கேள்விக்கே தலையாட்டியவன். அவன் சட்டியை வைத்தான், பழைய சட்டியை எடுத்தான், போனான்.

அந்த வாரம் பல்புகள் அதுவரை யாரும் பார்த்திராத வெளிச்சத்தோடு எரிந்தன. சுவரில் ஊர்ந்த பல்லியின் வயிற்றுக்குள் முட்டை தெரிந்தது. வியாழன், வெள்ளி, சனி என்று ஏறிக்கொண்டே போய், ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் ராசக்கிளி வீட்டுப் பல்பு படீரென்று வெடித்தது.

ராசக்கிளி முற்றத்தில் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே ஊரைக் கூப்பிட்டாள்.

"ஒண்ணு கேக்கேன். பல்பு மாட்டுனதுக்கு அப்புறம் நம்மள்ல யாராச்சும் அந்த மனுசன் மூஞ்சியப் பாத்திருக்கமா? மீச நரச்சிட்டா இல்லியா? சொல்லுங்க பாப்போம்."

ஒருவர் பாதி என்றார். ஒருவர் மீசையே கிடையாதே என்றார். கங்காணி வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"முழுசா நரச்சிட்டு," என்றாள் சேர்மக்கனி. "நாப்பது தப்படியிலேயே தெரியுது. நான் நாளைக்குக் கோட்டத் தாண்டப் போறேன். இப்பவே சொல்லிட்டேன். மண்ணெண்ணெய் இல்லாதவங்க வாங்கி வச்சிக்கிடுங்க."

ஒரே ஒருவர், பிள்ளைகள் பரீட்சை முடியும்வரைக்கும் பொறுக்கமுடியாதா என்று கேட்டார், அவரை அவர் பெண்சாதியே பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அவள் உப்புக் கோட்டின்மேல் வந்து நின்றபோது கோயில்பிச்சை வாசலில் வயருக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். சட்டி இல்லாமல் அவள் வந்ததைப் பார்த்து எழுந்தார். அவளுக்குப் பின்னால் அளக்குடி மொத்தமும் நின்றது.

"வரட்டுமா?" என்று கூவினாள்.

"பல்பு அணைஞ்சிருமே!"

"பல்பையா கேட்டேன்? வரட்டுமான்னு கேட்டேன்!"

அவர் தூரத்தில் நின்ற வீடுகளைப் பார்த்தார். இப்போதெல்லாம் கோட்டுக்கு அப்பால் நிற்கும் ஒவ்வொரு ஆளையும் வெளிச்சத்தை வைத்துத்தான் அவருக்குத் தெரியும், மூன்றாவது பல்பு கங்காணி, கடைசிக்கு முந்தினது ஐசக்கு. ஒரு கேள்விக்கு இத்தனை பேர் காத்திருந்து அவர் பார்த்ததில்லை. "வா," என்றார் மெதுவாக.

"என்னது? கேக்கல!"

"வா!" என்று அவர் அடிவயிற்றிலிருந்து கத்தினார். தெற்கு அளம்வரை கேட்டது. அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் தங்களைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்தார்கள்.

இரண்டு பேரின் சாமிக்கும் சொல்லிவிட்டு அந்த வெள்ளிக்கிழமையே தாலி கட்டினார். பொழுது சாயும்போது சேர்மக்கனி ஷெட்டில் குடியேற, ஊரார் வீடுகளுக்குப் போய்ப் பல்புக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார்கள். இழை மஞ்சளாகி, சிவப்பாகி, நூலாகி, ஒவ்வொன்றாக மிச்சமிருந்த பதினேழும் அணைந்தன. ஒவ்வொன்று அணையும்போதும் அந்த வீட்டிலிருந்து கைதட்டல் வந்தது. "அணைஞ்சிட்டு! அணைஞ்சிட்டு!" என்று ராசக்கிளி தெருவில் ஓடினாள். பிறகு இருட்டுக்குள் மண்ணெண்ணெய் விளக்குகளைத் தேடி ஏற்றினார்கள். அந்த வருஷம் முழுக்க அவர்கள் அந்த இருட்டைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டார்கள், வெளியூரிலிருந்து வந்தவர்களிடம், எங்க ஊர்ல கரண்ட் கிடையாது, கல்யாணம் ஆயிட்டு என்று சொன்னார்கள்.

ஷெட் பத்துக்குப் பத்து. மேலே தகரம். முதல் நாள் காலையில் சேர்மக்கனி, "வெந்நி வைக்கட்டுமா?" என்று கேட்டபோது அது தகரத்தில் பட்டுத் திரும்பியதில் கோயில்பிச்சை தம்ளரைக் கீழே போட்டுவிட்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் குரலை இறக்கிப் பேசப் பழகினாள். இறக்கிய குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது, அதில் நெத்திலி முள்ளைப் பற்றிக் கேலி பேச வரவில்லை, கப்பல்காரனைத் திட்ட வரவில்லை, என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்று கேட்கத்தான் வந்தது. இஞ்சின்காரரே என்று கூப்பிட இரண்டு முழத் தூரத்தில் அவளுக்கு வாய் கூசியது. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் கூப்பிடாமலே பழகிக்கொண்டாள். அவரும் இஞ்சினிடம் சொன்னவற்றில் மிச்சமிருந்ததைச் சொல்லலாம் என்று பலமுறை நினைத்தார். அவற்றை உரக்கச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம், மெதுவாகச் சொல்லும்போது அவை சொல்லத் தகுந்தவையாகத் தெரியவில்லை.

பகலில் அவள் உப்பு வாரப் போனாள். வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று பாத்தியிலிருந்து கூவுவதை விட்டார்கள். பாத்தியிலேயே கூவியிருக்கலாமே என்று நினைத்து வீட்டில் பேசாமலிருந்தார்கள். ஒருவர்மேல் ஒருவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் வைத்த குழம்பை அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார், அவள் காலில் உப்பு அறுத்த புண்ணுக்கு வேப்பெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். மழை வந்தது. பாத்திகள் நிறைந்து அளம் முழுக்க ஒரே தண்ணீராயிற்று, மூன்று மாதம் வேலை இல்லை, இரண்டு பேரும் தகரத்தில் மழை பெய்வதைக் கேட்டுக்கொண்டு ஷெட்டுக்குள் இருந்தார்கள். மழைச் சத்தம் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது.

மாசி மாதம் பாத்தி வற்றி முதல் உப்புப் பூத்த வாரத்தில், ஒரு சாயங்காலம், ஐசக்கு தன் வீட்டுப் பல்பைப் பார்த்தான். உள்ளே சிவப்பாக ஒரு இழை. அவன் வெளியே வந்து, பல வருஷங்களுக்குப் பிறகு, "எரியுது," என்றான். வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். பதினேழிலும் அதே இழை இருந்தது, மறுநாள் அது மஞ்சளாயிற்று, வார முடிவில் வெள்ளையாயிற்று.

கங்காணி வாய்க்கால் வழியே வேகமாக வந்து, பழக்கத்தில், அழிந்துபோன உப்புக் கோடு இருந்த இடத்திலேயே நின்றுகொண்டு கத்தினார்.

"வே கோயில்பிச்சை! என்னவே செஞ்சீரு? எல்லாம் எரியுதே!"

கோயில்பிச்சை மீட்டரைப் பார்த்தார். முள் பதின்மூன்றில் இருந்தது. சேர்மக்கனி அவருக்குப் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பு வயர் பழைய இரும்புக் கம்பியிலேயே இருந்தது.

"கறுப்பு வயர மாத்திக் கட்டுனேன்!" என்று கத்தினார்.

"அதான பாத்தேன்! அப்ப இத்தன நாளும் வயருலதான் கோளாறா?"

"வயருலதான்!"

"பெண்டாட்டியும் ஆச்சு, கரண்டும் ஆச்சு. ஒமக்கு யோகம்வே!"

அதற்கப்புறம் கோடு தேவைப்படவில்லை. யார் வேண்டுமானாலும் ஷெட்டுக்கு வந்தார்கள், உட்கார்ந்தார்கள், போனைச் சார்ஜ் போட்டுவிட்டுக் கதை பேசினார்கள். போதகர் வந்து ஜெபம் செய்தார், பல்பு மங்கவில்லை, வயர் நல்ல வயர் என்று சொல்லிவிட்டுப் போனார். ராசக்கிளி புது பல்பு மாட்டிக்கொண்டாள். உப்பு வாருகிறவர்களுக்குப் பாட்டு கேட்கட்டும் என்று பெட்டியை வாசல் பக்கம் திருப்பி வைத்தார்கள், அது விடியலிலிருந்து பொழுது அடங்கும்வரை பாடியது, பெண்கள் அந்தத் தாளத்துக்குப் பலகையை இழுத்தார்கள்.

ஒரு சாயங்காலம் வந்தவர்களெல்லாம் எழுந்து போன பிறகு, கோயில்பிச்சை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முழங்காலில் காய்ந்திருந்த உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சேர்மக்கனி முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தூரத்தில் பதினெட்டு பல்பும் வரிசையாக எரிந்தன. அவருக்கு ஏதோ சொல்லவேண்டும்போல் இருந்தது. அவர் வாயைத் திறந்து, மூடினார்.

சேர்மக்கனி அரிசியிலிருந்து கையை எடுத்து, பெட்டியின் திருகை இடப்பக்கமாகத் திருப்பிப் பாட்டின் சத்தத்தைக் குறைத்தாள். அவர் பக்கமாகத் தலையைச் சற்றுச் சாய்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு முறத்தை ஒருமுறை உதறி, மறுபடியும் கல் பொறுக்கினாள்.